மாமி நோன்பு பிடித்தால்

எங்கள் மாமி நோன்பு பிடித்திருக்கிறார் என்று தெரிந்தால் தெருவில் நாலைந்து வீடுகள் கலங்கிப்போகும். ரமழான் நோன்பைச் சொல்லவில்லை. அதை எல்லோரும்தான் பிடிக்கிறோம். சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில், யாராவது தேத்தண்ணிக் கோப்பையை நீட்ட, "வேணாம் புள்ள, நான் நோன்பு" என்று மாமி சொன்னால், நீட்டியவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு யோசிக்கத் தொடங்குவார். யாருடைய ரகசியம் வெளியே போயிருக்கும்? நம்முடையதா?

விசயம் இதுதான். மாமியிடம் ரகசியம் தங்காது. ஆனால் யார் ரகசியம் சொல்ல வந்தாலும், கேட்கிற ஆவலில், "வல்லாஹி, ஒருத்தருக்கும் செல்லமாட்டன்" என்று அல்லாஹ்வின் பேரால் சத்தியம் செய்துவிடுவார். அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குள் அது தெருமுனையைத் தாண்டிவிடும். அப்படிச் சத்தியத்தை முறித்தால் மார்க்கத்தில் பரிகாரம் உண்டு. பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். அதற்கு வசதியில்லாவிட்டால் மூன்று நாள் நோன்பு. கடற்கரைத் தெருவில் வீடு வீடாக இடியப்பம் விற்றுப் பிழைத்த மாமி, தானே ஏழைக் கணக்கில் இருந்தவர். ஆகவே நோன்பு. இடியப்பம் அவித்துக்கொண்டே நோன்பு.

அவர் யாருக்கு மாமி என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கிழவர்களும் மாமி என்றார்கள், எங்கள் கடைக்கு மோட்டார்ச் சைக்கிள் சாமான் வாங்க வருகிற பொடியன்களும் மாமி என்றார்கள். நான் கல்முனை பஸாரில் உதிரிப்பாகக் கடையில் வேலை பார்த்தேன். எந்தக் கதையையும் தெரிந்துகொள்ள நான் வீட்டுக்குப் போகத் தேவையில்லை. மாமி சொல்லியனுப்பிய கதை எனக்கு முன்னமே கடைக்கு வந்து உட்கார்ந்திருக்கும்.

கூட்டுறவுக் கடை மனேஜருக்குப் பொய்ப்பல் என்று ஊருக்குத் தெரிந்தது அப்படித்தான். ஒருநாள் காலை இடியப்பம் கொடுக்கப் போன மாமி, ஜன்னலோரம் கண்ணாடிக் கிளாஸில் பற்கள் முழுவதும் ஒன்றாகச் சிரித்துக்கொண்டிருப்பதைக் கண்டுவிட்டார். மனேஜர் பொக்கை வாயோடு கெஞ்ச, மாமி வல்லாஹி என்றார். பின்னேரம் கடைக்கு வந்த பெண்டுகள் எல்லோரும் மனேஜரின் வாயைப் பார்த்தே சீனி வாங்கினார்கள். மனிசன் கொதித்துக்கொண்டு அடுத்த நாள் மாமி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வல்லாஹி எண்டீங்களே மாமி!"

"ஓம் மகன், செல்லின. இண்டைக்குத்தான் முதல் நோன்பு. இன்னும் ரெண்டு இரிக்கி. கோவிக்காத."

தொண்டை காய்ந்து உதடு வெடித்து நிற்கிற ஒரு பெண்ணிடம் மேற்கொண்டு என்ன சண்டை பிடிப்பது? மனேஜர் முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார். நோன்பு திறக்க ஈச்சம்பழம் அனுப்பியதாகவும் கேள்வி. அதையும் மாமிதான் சொன்னார்.

அக்கரைப்பற்றிலிருந்து வந்த ஒரு விருந்தாளி, ரமழான் இல்லாத காலத்திலும் வாரக்கணக்கில் நோன்பு பிடிக்கும் இந்த மாமியைப் பெரிய இறைநேசர் என்று நினைத்து, தன் பிள்ளைக்காக துஆக் கேட்கச் சொல்லி வந்து நின்றார். மாமி துஆக் கேட்டார். பிறகு அவர் பிள்ளைக்கு என்ன குறை என்பதையும் ஊருக்குச் சொன்னார்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். மாமி கதையைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். காதுக்குள் குசுகுசுக்கவும் மாட்டார். வேலிக்கு மேலால் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கத்தான் சொல்வார். அதனால் மாமி சொன்னது என்றால் அது நடந்தது. இதில் அவருக்குப் பெரிய பெருமை.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த நாளில் அந்தப் பெருமை ஊருக்குத் தேவைப்பட்டது. உயிர் தப்பியவர்கள் பள்ளிக்கூடங்களிலும் பள்ளிவாசல்களிலும் சிதறிக் கிடந்தோம். யார் இருக்கிறார், யார் இல்லை என்று தெரியாது. மாமி ஈரச் சேலையோடு ஒவ்வோர் இடமாக நடந்து, முகங்களைப் பார்த்து, அடுத்த இடத்தில் போய்ச் சொன்னார். "ஒண்ட மகள் சம்மாந்துறைல இரிக்காள், கால்ல காயம், உசிருக்கு ஒண்டுமில்ல." பிள்ளையைத் தேடியவர்கள் எல்லோரும் மாமியைத் தேடினார்கள். எனக்கும் அவர்தான் வந்து சொன்னார். கையைப் பிடித்துக்கொண்டு, "மகன், உம்மாவ பள்ளிவாசல் முத்தத்தில வெச்சிரிக்காங்க. முகத்தில காயமில்ல. வா" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. இன்றைக்கும் நினைத்தால், அதை அப்படிச் சொல்ல அவரால்தான் முடியும் என்று தோன்றுகிறது.

பிறகு தகரக் கொட்டில் முகாம். எனக்கும் மாமிக்கும் நடுவில் ஒரு தகரம். நான் இந்தப் பக்கம் தும்மினால் அவர் அந்தப் பக்கம் யர்ஹமுகல்லாஹ் சொல்வார். அங்கேதான் என் மூத்தவள், ராத்தா, எனக்குக் கலியாணம் பேசினாள். பெண் அதே முகாமின் மறு கோடியில் இருந்தாள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் வாழ வேண்டும். போக வீடு இல்லாவிட்டாலும் கொட்டிலாவது இருந்தது. எல்லாம் பேசி முடித்தாயிற்று. நிக்காஹ்வுக்கு முன் மாப்பிள்ளை அந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது என்பது ஊர் வழக்கம். காட்டாமல் இருந்திருக்கலாம்தான்.

ஒருநாள் மஃரிப் இருட்டில், பெண்ணின் கொட்டிலுக்குப் பின்னால் மெள்ளப் போய் நின்றேன். ஜன்னலில் விளக்கு வெளிச்சம், அவளுடைய குரல். அதற்குள் காலில் சுருக்கென்றது. ஒரு சிவலை நாய். குரைக்கவில்லை, உறுமவில்லை. கெண்டைக்காலைக் கடித்துவிட்டு, வெறி கொண்டது போல வாய் ஒழுக ஒழுகப் போனது. கடலுக்குப் பிறகு சொந்தக்காரர்கள் இல்லாத நாய்கள் முகாமைச் சுற்றிக் கிடந்தன, அதில் ஒன்று.

நான் நேரே என் கொட்டிலுக்கு ஓடிவந்து, பின்பக்கக் குழாயடியில் காலை வைத்துக் கழுவினேன். நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் சேர்க்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து ஓதிக் கொடுத்திருந்தார்கள். வாளியில் தண்ணீர் மொண்டு ஏழு தரம் ஊற்றினேன். மண்ணைக் குழைத்துக் காயத்தில் நன்றாக அப்பித் தேய்த்தேன். முடிந்தது, இனிச் சுத்தம் என்று நிம்மதியோடு நிமிர்ந்தேன். அசுத்தம் போனால் நோயும் போய்விடும் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

தகரத்துக்கு அந்தப் பக்கம் மாமியின் குரல் கேட்டது. "நாய் எங்க கடிச்ச?"

"என்னது மாமி?"

"ஏழு தரம் தண்ணி ஊத்தின சத்தம் கேட்டிச்சி. ஏழு எண்டா எனக்கு வெளங்காதா? எந்த நாய், எங்க வெச்சி?"

தப்ப வழியில்லை. வல்லாஹி வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மாமி இந்தப் பக்கம் வந்து, சிமினி விளக்கைப் பிடித்துக் காயத்தைப் பார்த்தார். வழக்கமான ஆவல் முகத்தில் இல்லை.

"வெள்ளாப்பில ஆஸ்பத்திரிக்குப் போ மகன்."

"கலியாணம் முடியட்டும் மாமி. இப்ப போனா எங்க கடிச்ச, என்னத்துக்கு அங்க போன எண்டு கேப்பாங்க. பொண்ணுக்கும் மானக்கேடு. கலியாணமே நிண்டு போகும். அது போக, தொப்புளச் சுத்தி ஊசி போடுவாங்களாம்."

"அந்த நாய் விசர் நாயா இருந்தா?"

"கழுவிட்டன்தானே."

மாமி ஒன்றும் கதைக்காமல் போய்விட்டார். மாமி கதைக்காமல் போனதை அன்றுதான் முதன்முதலில் கண்டேன்.

விடிந்தது. தேத்தண்ணிக் கோப்பையோடு மாமியின் வாசலுக்குப் போனேன். வழக்கமாக நான்தான் அவருக்கு ஊற்றிக் கொடுப்பேன். மாமி கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கடலைப் பார்த்தார்.

"வேணாம் மகன். நான் நோன்பு."

நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் கொண்டுவரும் பவுசருக்கு வரிசையில் நின்ற பெண்டுகள் எல்லோரும் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுபஹ் தொழுதுவிட்டு வந்த நேரத்திலேயே மாமி வேலையை முடித்திருந்தார். சிவலை நாய், வலது கெண்டைக்கால், பெண்ணின் கொட்டிலுக்குப் பின்பக்கம். வழக்கம் போல, ஒன்றைக் கூட்டவுமில்லை, ஒன்றைக் குறைக்கவுமில்லை.

ராத்தா அழுதுகொண்டே ஓட்டோ பிடித்தாள். மாமி கேட்காமலே ஏறி உட்கார்ந்தார். நான் வழி நெடுக அவரோடு கதைக்கவில்லை. கலியாணம் போயிற்று என்றே நினைத்துக்கொண்டேன். மாமனார் ஆகப்போகிறவர் சுத்தத்தில் பெரிய கண்டிப்பான மனிசன். நாய் நடந்த பாதையில் செருப்பு வைக்க மாட்டார். முகாமில் உள்ள நாய்களை எல்லாம் துரத்த வேண்டும் என்று கூட்டம் போட்டவர். நான் நாய்க்கடியோடு, அதுவும் அவர் கொட்டிலுக்குப் பின்னால்! நான் இழக்கப் போவது அவளைத்தான் என்ற எண்ணம் காலைவிட அதிகம் வலித்தது.

ஆஸ்பத்திரியில் நாய்க்கடிக்காரர்கள் உட்காரும் நீள வாங்கில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் எங்கள் மோதினார். சுபஹுக்குப் பாங்கு சொல்லப் போகும் வழியில் கடிபட்டவர். ஒருவர் சவளக்கடையிலிருந்து சைக்கிளில் மரக்கறி கொண்டுவரும் தமிழ் அண்ணன். ஒருவர் பொய்ப்பல் மனேஜர். ஒருவர் எங்கள் கணக்கு வாத்தியார். சிவலை நாய் என்று காலையில் செய்தி கேட்டவுடன், தனித்தனியே ஒளித்து வைத்திருந்த கடிகளைத் தூக்கிக்கொண்டு, ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் வந்து சேர்ந்தவர்கள். வாங்கின் கடைசியில், காலை வாங்குக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டு, என் மாமனார் ஆகப்போகிறவர்.

அவர் கெண்டைக்காலிலும் மண் காய்ந்து வெடித்திருந்தது.

அவர்தான் முதலில் கேட்டார்.

"ஒங்களுக்கு எங்க வெச்சிக் கடிச்ச எண்டது உண்மையா?"

நான் வாய் திறப்பதற்குள் மாமி சொன்னார். "ஒங்கட கொட்டிலுக்குப் பின்னாலதான். மஃரிபுக்குப் பொறகு."

அவர் தலையை ஆட்டினார். "எனக்கும் அங்கதான், அந்த நேரத்திலதான். எவனோ ஒருத்தன் பின்னால நிக்கிறான், புடிப்பம் எண்டு போன."

முதலில் மரக்கறி அண்ணன் சிரித்தார். பிறகு வாங்கு முழுவதும் குலுங்கியது. மாமனார் சிரிக்கவில்லை, ஆனால் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

டொக்டர் இளம் வயதுக்காரர். காயங்களைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "ஏன் இப்பிடி மண்ணை அப்பி வெச்சிருக்கிறீங்க? மண்ணால ஏற்புவலி வரும். நாயால விசர் வரும். ரெண்டும் நரம்பைத்தான் பிடிக்கும்." மோதினார் மெதுவாக, "ஏழு தரம் கழுவணும்..." என்று இழுத்தார். "கழுவினது நல்லது. சவுக்காரம் போட்டு இன்னும் நல்லாக் கழுவியிருக்கலாம். மண் எதுக்கு?" என்றார் டொக்டர். பின்னால் எங்கள் மௌலவியிடம் கேட்டபோது அவரும் அதையேதான் சொன்னார். காயத்துக்குள் மண்ணை வைக்கச் சொல்லி மார்க்கம் எங்கேயும் சொல்லவில்லையாம்.

"இந்தக் கிருமி ரத்தத்தில ஓடாது" என்றார் டொக்டர். "நரம்பைப் பிடிச்சுக்கொண்டு மெள்ள மெள்ள மூளைக்கு ஏறும். அது போய்ச் சேர முதல் ஊசி போட்டால் தப்பலாம். போய்ச் சேர்ந்து வருத்தம் காட்டினால் என்னட்டை மருந்து இல்லை."

"அப்ப எங்கட மாமிட கதை அத விடக் கெதியா ஓடும்" என்றார் மனேஜர்.

ஊசி தொப்புளைச் சுற்றி அல்ல, கையிலும் காயத்தைச் சுற்றியும்தான். அது முடிந்து விறாந்தையில் உட்கார்ந்தபோதும் எனக்கு மாமி மேல் கோபம் ஆறவில்லை. "அல்லாஹ்ட பேரச் செல்லிட்டு எப்பிடி மாமி மனசு வந்த?" என்று கேட்டேவிட்டேன்.

"சத்தியத்த முறிச்சதுக்கு மூணு நாள் நோன்பு புடிப்பன்" என்றார் மாமி. "நீ மௌத்தானா நான் என்னத்தப் புடிக்கிற?"

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"எனக்கு ஒரு தம்பி இரிந்தான். எங்கட வாப்பா இறக்காமத்தில வயல் செய்த காலம். வயல்வாடில வெச்சி நாய் கடிச்சிட்டு. வாப்பாக்குச் செல்லாத ராத்தா, அடிப்பாரு எண்டான். நான் செல்லல்ல. காயம் ஆறிட்டு, நாங்களும் மறந்திட்டம். கொஞ்ச காலம் போய் ஒருநாள், தண்ணிக் கோப்பையக் கண்டான், கத்தினான். தாகம், ஆனா குடிக்க ஏலா. தொண்டை இழுக்கும். காத்துப் பட்டாலும் உடம்பு தூக்கிப் போடும். வாப்பா என்னண்டு வெளங்காம ஓடித் திரிஞ்சாரு. என்ட வாழ்க்கையில நான் காப்பாத்தின ரகசியம் அது ஒண்டுதான் மகன்."

அந்த இடத்திலேயே என் கோபம் போய்விட்டது. அதுவரை மாமியின் வாயைப் பார்த்து எத்தனை தரம் சிரித்திருக்கிறேன் என்று நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து அந்தச் சிவலை நாய் கடற்கரையில் இடிந்த மதிலடியில் செத்துக் கிடந்தது. சுகாதாரப் பரிசோதகர் வந்து, அதன் தலையை மீன் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொழும்புக்கு அனுப்பினார். விசர்தான் என்று பதில் வந்தது. அதைக் கேட்ட அன்று மாமனாரும் நானும் மரக்கறி அண்ணனின் சைக்கிளுக்குப் பக்கத்தில் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டோம்.

கலியாணம் நிற்கவில்லை. என் ராத்தா மெதுவாகக் கேட்டபோது மாமனார், "நான் என்ன வாயால இனி வேணாம் எண்டு செல்ற?" என்று சொன்னாராம். பெண் மாமியிடம் ஒரு செய்தி சொல்லியனுப்பியிருந்தாள். மாமி அதை முகாம் முழுவதும் கேட்க என் வாசலில் நின்று சொன்னார்: "ஊசியெல்லாம் ஒழுங்காப் போடட்டாம். அவள் எங்கயும் ஓடிப் போகமாட்டாளாம்!"

நிக்காஹ் முகாமுக்கு நடுவில், படங்கு கட்டிய பந்தலில் நடந்தது. மாமனார் என் கையைப் பிடித்து ஒப்புக்கொடுத்தார். பிறகு சாப்பாடு. எங்கள் ஊரில் கலியாணச் சாப்பாடு தனித்தனிக் கோப்பையில் இல்லை. சஹன் என்கிற பெரிய தட்டில் சோறும் கோழிக்கறியும் குவித்து, ஆறு பேர் சுற்றி இருந்து ஒன்றாகக் கை போட்டுத் தின்போம். மாப்பிள்ளையின் சஹனில் இருக்க அடிபிடி நடக்கும்.

அன்று என் சஹனுக்கு ஒருவரும் வரவில்லை.

பகையில்லை, பயம். ஊசி இன்னும் முடியாத நாய்க்கடிக்காரனோடு ஒரே தட்டில் கை வைப்பதா? ஒருவர் செருப்பைத் தேடினார், ஒருவர் கை கழுவப் போனவர் திரும்பவேயில்லை. நான் அந்தப் பெரிய சோற்றுக் குவியலுக்கு முன்னால் புது உடுப்போடு தனியே இருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சோறு எனக்கு முன்னால் இருந்ததில்லை, அவ்வளவு அவமானமும் இருந்ததில்லை. கடிபட்ட மற்றவர்கள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு வேறு சஹன்களில் இருந்தார்கள், மாமனார் கறி ஊற்றிக்கொண்டு திரிந்தார். அவர்கள் ஆஸ்பத்திரி விறாந்தையில் மாமியைச் சுற்றி நின்று வல்லாஹி வாங்கியிருந்தார்கள். ஊருக்குத் தெரிந்த நாய்க்கடி என்னுடையது மட்டும்தான்.

பெண்கள் பக்கத்துத் துணித் திரை ஆடியது. மாமியின் குரல் பந்தல் முழுவதும் கேட்டது.

"என்ன, மாப்பிள்ளய ஒத்தையா இருத்தி வெச்சிரிக்கீங்க? பொண்ணுட வாப்பா! ஒங்கட கால்லயும் அதே நாய்தானே கடிச்ச, போய் இரிங்க. மோதினாரே, ஒங்களுக்கும்தானே! மனேஜர், நீங்க பல்லோட ஒளியாதீங்க. வாத்தியாரே, மரக்கறித் தம்பி, எழும்புங்க! ஊசி போட்டவனோட சோறு திண்டா ஒண்டும் வராது எண்டு டொக்டர் செல்லினாரு. நான் கேட்டுக்கிட்டுத்தான் வந்த!"

எல்லோருடைய கண்ணும் அவர்கள் கால்களுக்குப் போனது. பிறகு யாரோ சிரித்தார்கள். மாமனார் கறி அகப்பையை மற்றவர் கையில் கொடுத்துவிட்டு, சாரத்தை ஒதுக்கிக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மோதினார் வந்தார், வாத்தியார் வந்தார். மனேஜர் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு வந்தார். மரக்கறி அண்ணன், "எனக்கும் இடம் இரிக்கா?" என்று கேட்டு வந்தார். ஆறு பேர் சரியாக இருந்தது. மாமனார் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கை வைத்தார். கோழியில் நல்ல துண்டைப் பிய்த்து என் பக்கம் தள்ளினார்.

"தின்னுங்க மருமகன்" என்றார். "அந்த வாய்க்கு அல்லாஹ் ஆயுசக் குடுக்கட்டும்."

அந்த மாதம் முழுவதும் மாமி நோன்பு. உடைத்த சத்தியம் அத்தனை.

யுத்தம் முடிந்த வருடம், ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கொஞ்சம் முன்னால், மாமி மௌத்தானார். படுக்கையில் கிடக்கவில்லை, காலையில் இடியப்பம் அவித்தார், பகலில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லாதவர் என்பதால் உடலைச் சுமக்கும் சந்தூக்கைத் தூக்க யார் முன்வருவார்கள் என்று மௌலவி வாசலில் நின்று கேட்டார். கேட்டு முடிக்கவில்லை, மாமனார் முன்காலைப் பிடித்துவிட்டார். மறுபக்கம் நான். பின்னால் மோதினாரும் மனேஜரும். வாத்தியார் மாற்றிக்கொள்ளப் பக்கத்தில் நடந்தார். சவளக்கடையிலிருந்து செய்தி கேட்டு வந்த அண்ணன், சைக்கிளை உருட்டிக்கொண்டு மையவாடி வரை கூடவே வந்தார்.

மாமனார் சாரத்தை முழங்காலுக்கு உயர்த்திக் கட்டியிருந்தார். கெண்டைக்காலில் அந்தத் தழும்பு வெயிலில் நன்றாகத் தெரிந்தது. இவ்வளவு காலமும் மறைத்துத் திரிந்தவர் அன்றைக்கு மறைக்கவில்லை. சந்தூக்கில் பாரமே இல்லை. நாங்கள் ஆறு பேரும் உயிரோடு, எங்கள் சொந்தக் காலில், மாமியைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.